கழிவு ஜலமும் கூட்டு முயற்சியும்
(சாத்தூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



சாக்கடை ஜலம் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். வைப்பாற்றில் விடப்படும் அழுக்கு ஜலத்தில் ஒரு பங்கு மணலில் இறங்கிக் கரையோரக் கிணறுகளை அடைகிறது. எஞ்சியதை வெள்ளம் கிழக்கே அடித்துச் சென்று மன்னார் வளைகுடாவில் சேர்க்கிறது. மேலூரார் கழித்தது கீழூரார் குடத்துக்கும் கடற்கரை மீனவர் வலைக்கும் போய்ச் சேருகிறது. வாந்திபேதி, விஷ ஜுரம், குடற்புழு ஆகியவை இவ்வழியே பரவுகின்றன.

கடலோரப் பட்டணமாகிய சென்னையின் அனுபவம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. கூவமும் அடையாறும் கெட்ட விதம் யாவரும் அறிந்ததே. 1978-ம் வருஷத்தில் அமைந்த குடிநீர் வாரியம் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி முதலிய இடங்களில் கழிவு ஜலத்தைச் சுத்தி செய்கிறது. முதலில் குப்பையும் மணலும் நீக்கப்படுகின்றன. பின்னர் தொட்டியில் ஜலத்தைத் தேக்கி உள்ளே காற்றைச் செலுத்துகிறார்கள். காற்றினால் பெருகும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று, வண்டலாகி அடியில் படிகின்றன. தெளிந்த ஜலம் மேலே நிற்கும். 1914-ல் மான்செஸ்டர் நகரத்து ரசாயனிகள் இருவர் வெளியிட்ட முறை இது. வண்டலை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து, அதில் எழும் வாயுவால் மின்சாரமும் எடுக்கப்படுகிறது.

2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டன. அதே வருஷத்தில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், தெளிந்த ஜலத்தை மேலும் நுண்ணிய சவ்வுகளால் வடிகட்டும் ஆலைகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரவல்லது. அந்த ஜலம் மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விலைக்குப் போகிறது. அந்த அளவு நல்ல ஜலம் ஜனங்களுக்கு மிஞ்சுகிறது. மழை குறைந்த சாத்தூர்ச் சீமைக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

கிராமத்தில் அவ்வளவு பெரிய யந்திரம் சாத்தியமன்று. ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. குளித்த ஜலத்தையும் பாத்திரம் கழுவிய ஜலத்தையும் வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். உறிஞ்சு குழி வெட்டுவோர் குடிநீர்க் கிணற்றுக்குத் தூரமாக வெட்டுக. கரிசல் மண் ஜலத்தை மெதுவாகவே உறிஞ்சுமாதலால் குழி சற்று விசாலமாக இருத்தல் நலம். மலத்தொட்டி வண்டலை லாரியில் ஏற்றி ஓடையில் கொட்டுவதை ஒருவரும் அனுமதிக்கலாகாது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்கே போகவேண்டும். தக்க பாதுகாப்புச் சாதனங்களின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வித்தல் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்குச் சாக்கடை ஜலம் பாய்ச்சுவது தின்பவருக்குத் தீங்கு. சாத்தூர் வெள்ளரியின் நற்பெயருக்கும் கேடு.

ஒரு வீட்டார் குழி வெட்ட, அடுத்த வீட்டார் தெருவில் விட்டால் பயனில்லை. கடன் சங்கத்தில் ஒருவர் தவணை தவறினால் பாரம் அனைவர்மேலும் விழுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஜல விஷயமும் அத்தகையதே. ஆகவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக் கூட்டத்தில், எந்தத் தெருவின் கழிவு எங்கே போய் விழுகிறது என்று ஒரு படம் வரைந்து, ஊராட்சியாருடன் கலந்து, முதலில் ஒரு தெருவையாவது சீர்ப்படுத்தத் தீர்மானம் செய்வதாக. அத்தெருவைப் பார்த்து மற்றத் தெருவாரும் முன்வருவார்கள்.