வேஷமும் வயிறும்

நாம் இன்று நாடகக்காரனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். கூத்தாடி என்று அவனை இகழ்ந்தவர்களே, ராமன் வேஷத்தில் அவன் வந்தால் கற்பூரம் கொளுத்தினார்கள். விடிந்ததும் அந்த ராமனுக்குக் குடியிருக்க வீடு கொடுக்க மாட்டார்கள்! வேஷத்திற்குள்ள யோக்கியதை மனிதனுக்கு இல்லை.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாலர் சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகவே சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் தீர்ந்தது. நேற்றைய சீதை இன்று படுதா இழுக்க வேண்டியதுதான். கடவுள் வேஷம் போட்டவன் தொண்டையைக்கூட எந்தக் கடவுளும் காப்பாற்றவில்லை! (சிரிப்பு)

நிற்க. நடிகன் பட்டினி கிடந்தபோது புண்படாத மனம், எம்.ஆர். ராதா ராமாயணம் நடித்தபோது புண்பட்டுவிட்டதாம். 1954-இல் சென்னை சர்க்கார் நாடகத்திற்கென்றே சட்டம் செய்தது. அவரோ அஞ்சாமல் நடித்தார், கைதானார்.