பட்டியும் கிணறும்
(இந்து வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வயிற்றோட்டத்தைப் பற்றிச் சபையிற் பேசுவது நாகரிகமாகாது என்று சிலர் எண்ணலாம். கண் குழிந்து, நா வறண்டு, தாயின் மடியில் துவண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்தவர் அவ்வாறு எண்ணார். பல் முளைக்கிறது என்றும், கண்ணூறு பட்டது என்றும் காரணம் கூறுகிறோம். உண்மைக் காரணமோ பல வேளைகளில் நம் முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது.

குடலைத் தாக்கும் கிருமிகள் எல்லாம் ஒரே வழியில் வருவன அல்ல. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாவும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும் மனிதரிடமிருந்தே மனிதருக்கு வருகின்றன. சல்மனெல்லாக்களிற் பலவும் கம்பைலோபக்டரும் விலங்குகளிடமிருந்து வருகின்றன. கம்பைலோபக்டர் என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'வளைந்த கோல்' என்பது பொருள்.

1886இல் எஷெரிக் என்னும் வைத்தியர், வயிற்றோட்டத்தால் இறந்த குழந்தைகளின் குடலிற் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அவற்றை வளர்க்க அவரால் இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆடு மாடுகளின் கருச்சிதைவுக்கு இக்குலத்துக் கிருமிகள் காரணமாவதை மிருக வைத்தியர் அறிந்தனர். ஆயினும், 1977இல் ஸ்கிரோ என்னும் ஆங்கில வைத்தியர் தம் ஆய்வை வெளியிட்ட பின்னரே, மனிதரின் வயிற்றோட்டத்துக்கும் இது பெருங்காரணம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. பட்டியில் தெரிந்த செய்தி வீட்டுக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

இக்கிருமி 42 பாகை செல்சியஸ் அளவிற் செழித்து வளரும். கோழியின் உடற்சூடும் ஏறக்குறைய அதுவே. கோழியின் குடலில் இது குடியிருந்தாலும் கோழி பெரும்பாலும் நோயுறுவதில்லை. ஆகவே, "நம் கோழிக்கு ஒரு நோயுமில்லையே" என்பது விடையாகாது. மனிதரை வீழ்த்தவோ சில நூறு கிருமிகளே போதும். 1981இல் றொபின்சன் என்னும் இங்கிலாந்து ஆய்வாளர், ஏறக்குறைய 500 கிருமிகளைப் பாலிற் கலந்து தாமே அருந்தி நோயுற்றார்.

இனி நம் கண்டக்குழியைப் பார்ப்போம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு; நடுவே மணல். சில அடி தோண்டினால் நன்னீர் கிடைப்பது கற்பிட்டிக் குடாநாட்டின் பாக்கியம். அதுவே அதன் ஆபத்துமாம். தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று இந்நிலத்தடி நீரில் மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் பதிவு செய்தனர். மேலே இடுவது கீழே சேரும் என்பதற்கு அதுவே சாட்சி. எருக்குவியலும் மலசலகூடக் குழியும் கிணற்றை அண்டியிருந்தால் அவற்றின் கழிவு எங்கே போகும்? மண்ணுக்கடியில் உள்ள நீருக்கு வேலியில்லை. இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என்ற பேதமுமில்லை.

"நாங்கள் இதே தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று பெரியோர் கேட்பது நியாயமே. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர், தென்னிந்தியாவில் நோயற்ற மக்களிடமும் இக்கிருமி இருப்பதை 1982இல் எழுதினர். சிறுவயதில் மீண்டும் மீண்டும் தொற்றி உடல் பழகிக்கொள்கிறது. ஆனால் அப்பழக்கத்தின் விலையைக் கொடுப்பவை கைக்குழந்தைகள். அரிதாக, ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், நோய் தணிந்த பின் கைகால்களைச் சோரச் செய்யும் கில்லன்-பரே வாதமும் வருகிறது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. கிணற்றுக்கு உயர்ந்த கட்டும் மூடியும் வேண்டும். சுற்றி வேலி வேண்டும். கிணற்றடியிற் கோழி உரித்துக் கழுவும் வழக்கம் ஒழிய வேண்டும். இறைச்சி வெட்டிய கத்தியைக் கழுவாமல் அதனாற் காய்கறி வெட்டலாகாது. கோழிக்கூட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். குடிநீரையும் பாலையும் கொதிக்க வைத்தால் இக்கிருமி பிழையாது.

இங்கே பெரியோரிடம் பணிவுடன் ஒரு விண்ணப்பம். அபிடேகத்துக்குப் பச்சைப்பால் வேண்டும் என்பது மரபு. அதில் நாம் கைவைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அருந்தக் கொடுக்கும் பாலை மட்டும் வேறாகக் காய்ச்சிக் கொடுக்கலாகாதா? பக்தி குறையாது, பிள்ளைகளின் நலம் காக்கப்படும்.

நோய் வந்துவிட்டால், தண்ணீரை நிறுத்துவதே பெரும் பிழை. ஜீவனிப் பொடியைப் பொட்டலத்திற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தமோ, கடுங்காய்ச்சலோ, சிறுநீர்க் குறைவோ கண்டால் தாமதியாது ஆசுபத்திரிக்குச் செல்க. கடையிற் கேட்டு வாங்கிய மாத்திரையைத் தாமாகவே கொடுக்க வேண்டாம். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் மருந்தின்றியே குணமடைவர். வீணாக மருந்து வழங்கினால் கிருமி அதற்கு அடங்காது போகும். கோழிகளுக்கு என்ரோபுளொக்சசின் கொடுத்ததால் இவ்வாறு நேர்ந்தமை கண்டே அமெரிக்கா 2005இல் அவ்வழக்கத்தைத் தடை செய்தது.

அன்பர்களே, நாம் கேட்பது பெரும் பொருளன்று. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு மூடியும் ஒரு வேலியும் வேண்டும். மரத்துக்கும் சீமெந்துக்கும் ஊரார் உதவினால், உடலுழைப்பை வாலிபராகிய நாம் தருவோம். நம் வீட்டுக் கிணறுகளிலிருந்தே தொடங்குவோம்.