இடிக்காமலே புதுசாக்கலாம்
(கூமாப்பட்டி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தபிறகு, 12,000 ரூபாய் மானியத்தில் நம்மில் பலர் கழிப்பறை கட்டினோம். இன்னைக்கு சில வீட்டில் அதுக்குள்ள விறகு கிடக்கு. கேட்டா, "கதவு இத்துப்போச்சு, இடிச்சுக் கட்டணும், குழுக்கடன் வேணும்" என்கிறோம். அதுவரைக்கும் இருட்டுல கண்மாய்க் கரைக்குப் போறோம். வயசுப்பிள்ளையையும்தானே கூட்டிப்போறோம்?

குழியும் சுவரும் நல்லாயிருந்தா இடிக்க வேண்டியதில்லை. கதவைப் பார்ப்போம். மரம் இத்துப்போவது அடியில்தான். கீழ்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால பெயிண்டர் அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோறதே இல்லை! தண்ணி அந்த வழியாத்தான் ஏறுது. கதவைக் கழற்றி நல்லாக் காயவச்சு, இத்த பாகத்தை ஆசாரியிடம் அறுத்து ஒட்டுப்பலகை போடச் சொல்லணும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் ஒருதடவை, எனாமல் ரெண்டுதடவை. கீழ்விளிம்புக்கும் சேர்த்துத்தான். காய்ந்தபிறகு அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தகடு அடிச்சுக்கலாம். சோப்பு வைக்கிற மர அலமாரிக்கும் இதே பக்குவம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால முடிக்கணும். ஊறின மரத்தில் பெயிண்ட் நிக்காது.

சுவருக்கு வெள்ளையடிச்சா போதும். கறை போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் என்கிற விஷவாயு கிளம்பும், சின்ன அறையில் மூச்சடைச்சிடும்.

தாழ்ப்பாள் உள்பக்கம் சரியா விழணும். பெயிண்டைவிட நமக்கு அதுதான் முக்கியம்.

அடுத்த கூட்டத்துக்கு கதவு அளவை எழுதிட்டு வாங்க. பெயிண்டை மொத்தமா வாங்கிப் பங்குபோட்டுக்குவோம்.