ஒட்டியாணம் போட்டாச்சா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

நான் மரம் வெட்டுறவன். சென்னையில, சொந்தமா. கம்பெனி கிடையாது, போர்டு கிடையாது. ரெண்டு மெஷின் ரம்பம், நாலு கயிறு, வாடகைக்கு ஒரு குட்டி யானை வண்டி, கூட ரெண்டு பேரு. 16 வருஷமா இதுதான் பொழப்பு.

"மரம் வெட்டுறவன்"னு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்கு மூஞ்சி மாறியிருக்கும். தெரியும். கல்யாண வீட்டுல கூட, "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டுட்டு, பதில் சொன்னதும் பாயசம் ஊத்தாமப் போனவங்க இருக்காங்க. ஆனா பத்து வேலைக்கு ஏழு எட்டுல நாங்க மரத்தை வேரோட சாய்க்கறதில்ல. காஞ்ச கிளையை எடுப்போம், மொட்டை மாடி மேல சாயறதைக் குறைப்போம், காத்து உள்ள புகுந்து போற மாதிரி அடர்த்தியைக் கழிச்சு விடுவோம். அதைச் சரியா செஞ்சா மரம் இன்னும் இருபது வருஷம் நிக்கும்.

ஒரு தடவை அண்ணா நகர்ல ஒரு வீட்டுல வேலை. லண்டன்ல படிக்கிற பையன் லீவுக்கு வந்திருந்தான். "அண்ணா, அங்க உங்க வேலைக்கு ட்ரீ சர்ஜன்னு பேரு"ன்னான். அவ்வளவுதான், அன்னைக்கு முழுக்க எங்க பசங்களுக்கு நான் டாக்டர். "டாக்டர், பேஷண்ட் ரெடி." "டாக்டர், பேஷண்ட்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா?" அது மாமரம். பாதி ஏறும்போது முசுறு எறும்புக் கூட்டுல கையை வெச்சுட்டேன். நான் கத்துன கத்துக்குக் கீழ இருந்து ஒரு குரல்: "டாக்டர், இப்ப யாரு பேஷண்ட்?"

எங்க வேலையில சிரிப்பு இப்படித்தான். பொதுவா எவனாவது கஷ்டத்துல இருக்கும்போதுதான் வரும்.

இன்னொண்ணு, தெருவுல போற எல்லாரும் எங்களுக்கு ஆலோசகர்தான். "தம்பி, நீ உக்காந்திருக்கற கிளையை வெட்டிடாதே!" இதைச் சொல்லாம ஒரு மனுஷன் கூட எங்களைத் தாண்டிப் போனதில்ல. 16 வருஷமா ஒரே ஜோக். ஒவ்வொருத்தரும் தானே கண்டுபிடிச்ச மாதிரி சொல்வாங்க. நாங்களும் முதல் தடவை கேக்கற மாதிரி சிரிப்போம். அதுவும் கூலியில சேர்த்திதான்.

வேலை பேசுற கதையைக் கேளுங்க. ரேட்டு சொன்னதும் வீட்டுக்காரர் சொல்வாரு: "மரத்தையே நீங்க எடுத்துக்கறீங்களே, அப்புறம் காசு எதுக்கு?" தேக்கா இருந்தா நானே அவருக்குக் காசு குடுத்துட்டுப் போவேன். வேம்புன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம். குல்மோஹரை வெச்சு என்ன பண்றது? அந்த மரத்துக்கு மடகாஸ்கர் பூர்வீகம். பூ பாக்க அழகு, கட்டை படு மொறுமொறுப்பு. விறகுக்குக் கூட ஆளு யோசிப்பாங்க. வண்டி வாடகை குடுத்து நான்தான் கொண்டு போய்க் கொட்டணும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அதை மறக்கவே முடியாது. அன்னைக்கு சாஞ்ச மரங்கள்ல நிறைய இந்த மாதிரி குல்மோஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சிதான். அடுத்த ஒரு மாசம் நாங்க தூங்கல. வாழ்க்கையில முதல் தடவையா யாரும் பேரம் பேசல. "எப்ப வருவீங்க?" மட்டும்தான் கேட்டாங்க. அந்த மாசம்தான் ரம்பத்தைத் தொட்டே பாக்காதவங்களும் ஒரு மெஷினை வாங்கிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாங்க. இதுக்கு லைசென்ஸ் காட்டுன்னு எங்க வீட்டு வாசல்ல எவரும் கேட்டதில்ல. எனக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

சரி, வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். இது புரிஞ்சாத்தான் அடுத்த கதை புரியும்.

ஒரு அடி விட்டம், பத்தடி நீளம். இப்படி ஒரு பச்சைக் கிளையைக் கற்பனை பண்ணுங்க. பாக்க ஒண்ணும் பெருசாத் தெரியாது. எடை கிட்டத்தட்ட 200 கிலோ வரும். அதை அப்படியே வெட்டி விட்டா கீழ என்ன இருந்தாலும் காலி. அதனால முதல்ல கயிறு. வெட்டப் போற கிளைக்கு மேல பலமா ஒரு கவை பாத்து, அது வழியா கயிறைப் போட்டு, ஒரு முனையைக் கிளையில கட்டுவோம். இன்னொரு முனை கீழ. கீழ நிக்கறவர் அந்தக் கயிறை அடிமரத்துல ரெண்டு சுத்து சுத்திப் பிடிப்பாரு. 200 கிலோவைக் கையால பிடிக்க முடியாது. அந்தச் சுத்துல வர்ற உரசல்தான் பிடிக்குது. கை சும்மா கொஞ்சம் கொஞ்சமா விடும், அவ்வளவுதான்.

அப்புறம் வெட்டு. முதல்ல கிளைக்கு அடியில இருந்து கால்வாசி. அப்புறம் கொஞ்சம் வெளிய தள்ளி, மேல இருந்து. அடிவெட்டு இல்லாம மேல மட்டும் வெட்டினா கிளை விழும்போது அடிமரத்துத் தோலையும் உரிச்சுக்கிட்டுப் போகும். கடைசியா மிச்சக் கட்டையை எடுக்கும்போது, கிளை அடிமரத்தோட சேர்ற இடத்துல ஒரு வீக்கம் இருக்கும் பாருங்க, அதைத் தொடக் கூடாது. மரம் தன் காயத்தை மூடிக்கறது அங்க இருந்துதான்.

இப்ப அந்த ரெண்டு சுத்து. எங்க பாஷையில அதுக்குப் பேரு ஒட்டியாணம். மரத்தோட இடுப்புல சுத்தறோம்ல, அதான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி நான் மேல இருந்து கேப்பேன்: "ஒட்டியாணம் போட்டாச்சா?" கீழ இருந்து என் சித்தப்பா பையன் சொல்வான்: "ரெண்டு பவுன்ல போட்டாச்சுண்ணே!" அதுக்கப்புறம்தான் மெஷினை இழுப்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இதே கேள்வி, இதே பதில். பாக்கறவங்களுக்கு ரெண்டு பேரும் லூசுன்னு தோணும். எங்களுக்கே அது வெறும் ஜோக்குன்னுதான் நினைப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி. புறநகர்ல ஒரு வீடு. பெரிய இயல்வாகை, பாதி பக்கத்து வீட்டு கார் ஷெட் மேல சாஞ்சு நின்னுச்சு. மறுநாள் காலையில அந்த வீட்டுல வளைகாப்பு. பந்தல் போடணும். "இன்னைக்கே முடிச்சாகணும்"னு வீட்டுக்காரர். நான் ரெண்டு நாள் வேலைன்னுதான் பேசியிருந்தேன். ஆனா சரின்னுட்டேன். சொந்தத் தொழில் பாருங்க, முடியாதுன்னு சொன்னா அடுத்த தெருவுல வேற ஆளு இருக்கான்.

சாயந்தரம் அஞ்சரை. லேசா தூறல். பந்தல்காரங்க கீழ நின்னு முணுமுணுக்கறாங்க. வீட்டுக்காரர் வாசல்ல இருந்து, "இன்னும் எத்தனை கிளைப்பா?"ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்குறாரு. எனக்கு எரிச்சல். ரொம்ப நேரமா எங்க பக்கம் யாரும் சிரிக்கல. அதை அப்ப நான் கவனிக்கல.

கடைசிக்கு முந்தின கிளை. கயிறு கட்டிட்டுக் கீழ பாத்தேன். தம்பி நின்னுட்டிருந்தான். அடிமரத்துல ஒரு சுத்துதான் இருந்துச்சு. இதை இதுவரைக்கும் பல பேருகிட்ட, "நான் கவனிக்கலை"ன்னுதான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு மைக்குல உண்மையைச் சொல்லிடறேன். நான் பாத்தேன். சின்னக் கிளைதானே, பிடிச்சிடுவான்னு நினைச்சேன். கேக்கல. ஒட்டியாணம் போட்டாச்சான்னு கேக்கல. மெஷினை இழுத்துட்டேன்.

ஈரக் கயிறு, ஒத்தைச் சுத்து. சர்ருன்னு ஓடுச்சு. கிளை ஊஞ்சல் மாதிரி ஆடி, கார் ஷெட் ஓட்டை உடைச்சு, உள்ள நின்ன காரோட முன் கண்ணாடியை நொறுக்கி, திரும்பி வந்து தம்பி முழங்காலுக்குக் கீழ அடிச்சுது. அவன் கத்தவே இல்ல. உக்காந்துட்டான். நான் எப்படி இறங்கினேன்னு இன்னைக்கும் ஞாபகம் இல்ல.

கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷன், உள்ள பிளேட். அஞ்சு மாசம் வேலை கிடையாது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. யாரு பொறுப்பு?

வீட்டுக்காரர் சொன்னாரு: "நான் வேலையை உங்ககிட்ட ஒப்படைச்சேன். அதுக்கப்புறம் உங்க பாடு." பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு: "நான் எதுக்கு என் இன்ஷூரன்ஸ்ல போடணும்? போட்டா எனக்கு நோ கிளெய்ம் போனஸ் போயிடும்." ரெண்டுமே தப்புன்னு சொல்ல முடியல. கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் நான்தான் கட்டினேன், மூணு தவணையில.

தம்பிக்கு? எங்க ரெண்டு பேருக்கும் பேங்க்ல அந்த 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருந்துச்சு. பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா. வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிப்பாங்க. விபத்துல இறந்தா 2 லட்சம், நிரந்தரமா ஒரு கையோ காலோ போனா 1 லட்சம். நல்ல திட்டம்தான். ஆனா முறிஞ்சு, குணமாகி, அஞ்சு மாசம் வீட்டுல கிடந்தா அதுல ஒண்ணும் வராது. தென்னை ஏறுறவங்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் கேர சுரக்‌ஷான்னு தனிக் காப்பீடு வெச்சிருக்கு. நாங்க ஏறுறது இயல்வாகை ஆச்சே!

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட போனேன். எனக்கு ஏதாவது கிடைக்குமான்னு கேக்கத்தான் போனேன். அவர் சொன்னாரு: "வெள்ளைக்காரன் காலத்துலயே, 1923-ல, தொழிலாளர் இழப்பீட்டுக்குச் சட்டம் போட்டாங்க. மரம் வெட்டுற வேலையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. வேலையில அடிபட்டா முதலாளி இழப்பீடு குடுக்கணும்." நான் சந்தோஷமா, "அந்த முதலாளி யாரு சார்?"ன்னு கேட்டேன். அவர் என்னையே பாத்தாரு. "தம்பியை வேலைக்குக் கூப்பிட்டது யாரு? கூலி குடுக்கறது யாரு?"

நானா? கிழிஞ்ச ஷூ, ரெண்டாம் கை மெஷின், நான் முதலாளியா? "எனக்கு மேல எவனும் கிடையாது"ன்னு 12 வருஷமா பெருமை பேசிட்டிருந்தேன். எனக்குக் கீழ ரெண்டு பேரு இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

சட்டத்தை விடுங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல எங்க சித்தி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. "உன்னை நம்பித்தானேடா அனுப்பினேன்?" எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடல. ஆனா அதுதான் ஒப்பந்தம். அஞ்சு மாசமும் அவன் கூலியில பாதியைக் குடுத்தேன். முழுசா குடுக்க என்கிட்ட இல்ல. அது இன்னும் கடனாத்தான் மனசுல கிடக்கு.

அந்த லண்டன் பையன் சொன்னது அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அங்க ஒருத்தர் மரத்துல ஏறினா, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஏறி இறக்கத் தெரிஞ்ச இன்னொருத்தர் கீழ இருந்தே ஆகணுமாம். நான் யோசிச்சேன். அன்னைக்கு அடி மேல நின்ன எனக்குப் பட்டிருந்தா? தம்பிக்கு மரம் ஏறவே தெரியாது. பந்தல்காரங்க வீடியோ எடுத்திருப்பாங்க.

இப்ப என்ன மாத்தியிருக்கேன்? மூணு பேருல ரெண்டு பேருக்கு ஏறத் தெரியும். ஹெல்மெட், பெல்ட் எல்லாருக்கும். மழையில, இருட்டுல வேலை இல்ல. வேலை பேசினதும் வாட்ஸ்ஆப்ல எழுதிடறேன்: எந்தக் கிளை, எத்தனை நாள், காரை எங்க நிறுத்தணும், ஏதாவது உடைஞ்சா யாரு என்ன குடுக்கறது. ரேட்டு கொஞ்சம் ஏறியிருக்கு. சில வேலை கைவிட்டுப் போகுது. போகட்டும்.

நீங்க ஃப்ளாட்டுல இருக்கீங்க, வாடகை வீட்டுல இருக்கீங்க. ஒரு நாள் எங்களை மாதிரி ஒருத்தரைக் கூப்பிடுவீங்க. தெருவோர மரம்னா எங்களைக் கூப்பிடாதீங்க, அது மாநகராட்சி மரம், 1913-க்கு அடிங்க. கரண்ட் கம்பி பக்கத்துல இருந்தா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்க. உங்க வீட்டு மரம்னா, ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி, "எத்தனை பேரு வருவீங்க, கயிறு இருக்கா, அடிபட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா அது குறைஞ்ச ரேட்டு இல்ல, பொறுப்பை விட்டுட்டுச் சொன்ன ரேட்டு. அப்புறம், தயவுசெஞ்சு மறுநாள் வளைகாப்பு வெச்சுக்கிட்டு எங்களைக் கூப்பிடாதீங்க.

தம்பி திரும்பி வந்துட்டான். குளிர் நாள்ல காலு கொஞ்சம் இழுக்கும்னு சொல்வான். இன்னைக்கும் கயிறு அவன் கையிலதான். ஆனா பதில் மாறிடுச்சு. "ஒட்டியாணம் போட்டாச்சா?"ன்னு நான் கேட்டா, "மூணு பவுன்ணே"ங்கறான்.

நான் கேக்க மறந்தா, அவன் கயிறைத் தொட மாட்டேங்கறான். கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். "கேளுங்க முதலாளி"ம்பான்.

கேப்பேன்.