எத்தனை கட்டுரை என்று கேட்டேன்



சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்காக இளம் மருந்தியல் ஆய்வாளர் ஒருவரைப் பேட்டி கண்டேன். நம் இனத்துப் பெண். "இதுவரை எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான் என் முதல் கேள்வி. "மூன்று" என்றார். அவ்வளவுதானா என்று மனத்திற்குள் நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த மூன்றிலும் என்ன கண்டறிந்தார் என்று நான் கேட்கவே இல்லை. பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தே ஒரு நிகழ்ச்சியை எடைபோடும் தொழிலில் இருக்கிறேன் அல்லவா, அந்தப் பழக்கம்!

ஆய்வாளர்களையும் இன்று அப்படித்தான் எடைபோடுகிறார்கள். ஒருவரின் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதே கணக்கு. 1964-இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு இதற்கென ஓர் அட்டவணையைத் தொடங்கினார். 2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்' குறியீட்டைக் கொண்டுவந்தார். ஒருவரின் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால், அவருடைய குறியீடு 10-ஐத் தொட்டுவிடும். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என எல்லாவற்றிலும் இத்தகைய எண்கள் தலைகாட்டுகின்றன.

இந்த அளவுகோலைச் சீனாவின் து யூயூ அம்மையாரிடம் வைத்துப் பார்ப்போம்.

வியட்நாம் போரில் படைவீரர்களை மலேரியா வாட்டியது. அதற்கு மருந்து தேட, 1967-இல் சீனா '523' என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. 1969-இல் து யூயூ அதில் சேர்ந்தார். சிங்ஹாவ் என்ற மூலிகையின் சாறு ஒரு முறை பலன் தரும், மறுமுறை கைவிரிக்கும். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட மருத்துவ நூலொன்று, அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை! வெப்பம்தான் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971-இல் எலிகளிடம் அது முழுப் பலன் தந்தது. 1972-இல் நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே அதை உட்கொண்டு சோதித்தார்.

1977-இல் இந்த மருந்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெயர்? எவர் பெயரும் இல்லை. ஆய்வுக்குழு என்று மட்டுமே இருந்தது. அந்தக் கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவர் கணக்கில் ஒன்றுகூட ஏறாது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் மில்லர், ஷாங்காய்க் கூட்டமொன்றில், இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். மலேரியா வல்லுநர்கள் கூடியிருந்த அந்த அவையில் எவருக்கும் பதில் தெரியவில்லை. மில்லரும் சக ஆய்வாளர் ஒருவரும் பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் புரட்டிய பிறகே து யூயூவின் பங்கு உலகுக்கு விளங்கியது. 2011-இல் லாஸ்கர் விருது, 2015-இல் நோபல் பரிசு. முனைவர் பட்டம் இல்லாதவர், வெளிநாட்டில் பயிலாதவர் அவர்.

ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் எத்தனை பேரை இந்த மலேரியாவுக்குப் பறிகொடுத்தோம்! கொடிய வகை மலேரியா தீவிரமடையாத நிலையில், அவருடைய ஆர்ட்டெமிசினின் சேர்ந்த கூட்டு மருந்துகள்தான் இன்று அதற்கு முதல்நிலைச் சிகிச்சை.

அப்படியானால் மேற்கோள் கணக்கே வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரை மற்றவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை அது காட்டும். ஏன் போய்ச் சேர்ந்தது என்று காட்டாது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற ஐயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேற்கோள் காட்டினார்கள். பெரும்பாலோர் அதை மறுப்பதற்காகவே காட்டினார்கள். 2010-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்ணில் புகழும் பழியும் ஒன்றுதான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ ஆய்வு செய்யும் பிள்ளை இருந்தால், எத்தனை கட்டுரை என்று கேட்பதற்கு முன், எந்த நோய்க்கு விடை தேடுகிறாய் என்று கேளுங்கள். அந்தத் தங்கையை மீண்டும் அழைத்திருக்கிறேன். இம்முறை என் முதல் கேள்வியும் அதுதான்.