உடைந்த கை சொல்லும் செய்தி



இன்று அக்டோபர் 20, உலக எலும்புப்புரை நாள். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறார்களே, அந்த நோய்க்கான நாள். 1996-ல் பிரிட்டனில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். பால் குடியுங்கள், வெயிலில் நடங்கள் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு உடைகிறது. மாவுக்கட்டு போடுகிறோம். சில வாரத்தில் பிரிக்கிறோம். “வயசாச்சுல்ல, உடையத்தான் செய்யும்” என்கிறோம். அவரும் தலையாட்டுகிறார். கை கூடிவிட்டது. வைத்தியம் முடிந்ததா?

முடியவில்லை ஐயா! லாரி மோதினால் எலும்பு உடையும், மாடியிலிருந்து விழுந்தால் உடையும். நின்ற இடத்தில் விழுந்ததற்கெல்லாம் நல்ல எலும்பு உடையாது. அப்படி உடைந்தால், அந்த எலும்பு பல வருடமாக உள்ளே மெலிந்துகொண்டே வந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உடைந்த கைக்குக் கட்டுப் போட்டோம். மெலிந்த எலும்புக்கு என்ன செய்தோம்? கையை விட்டால் அடுத்தது முதுகெலும்பு, அதற்கடுத்தது இடுப்பு.

இடுப்பு உடைந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். “படுத்த படுக்கையானார், நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டார்” என்று துக்க வீட்டில் பேசிக்கொள்கிறோமே, அந்தச் சாவுகள் பலவும் குளியலறைத் தரையில் தொடங்கியவை.

மூட்டுத் தேய்மானம் வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரையோ எலும்பு உடையும்வரை வலிக்காது. முதுகெலும்பு நசுங்குவதில்கூட மூன்றில் இரண்டு பங்கு யார் கவனத்துக்கும் வருவதில்லை. பாட்டி குள்ளமாகிவிட்டாள், கூன் விழுந்துவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகிறோம். உலக அளவில், ஐம்பதைக் கடந்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கும், ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் இந்த நோயால் எலும்பு முறிகிறது.

ஏன் பெண்களுக்கு அதிகம்? சுமார் முப்பது வயதுவரை எலும்புக்கு வரவு, பிறகு மெல்ல மெல்லச் செலவு. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தச் செலவு வேகமெடுக்கிறது. ஐந்து முதல் ஏழு வருடத்திலேயே ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்துவிடலாம். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்ணுக்கு நாற்பதிலேயே அது ஆரம்பித்துவிடும். ஆண்களே, நீங்களும் தப்பவில்லை. பீடி, சிகரெட், குடி, ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, எல்லாமே எலும்பை அரிக்கும்.

வரவு வைக்க வேண்டிய வயதில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 கிடைக்கும். எள்ளுருண்டையிலும், முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணை ஓடாதே, ஆடாதே என்று உட்கார வைக்காதீர்கள். பாரம் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். எடையற்ற விண்வெளியில் மிதப்பவர்களுக்கு மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் இடுப்பெலும்பு கரைகிறது! வெயில் கொளுத்தும் நம் ஊரிலேயே எலும்புக்குத் தேவையான விட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருக்கிறது, ஏனென்றால் நாம் வெயிலில் நிற்பதே இல்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. வலியில்லாத பரிசோதனை. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. வாரம் ஒரு மாத்திரை உண்டு, வருடம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நோய் வந்தபின் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. தொடங்கிய மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வீட்டில் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் நடைபாதையில் ஒரு சின்ன விளக்கு, இவ்வளவு செய்தாலே பல முறை விழுவதைத் தவிர்க்கலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கூடவே ஒரு கேள்வி கேட்கட்டும்: “ஐம்பது வயதுக்குமேல் கீழே விழுந்து எலும்பு உடைந்ததுண்டா?” உண்டு என்றால் எலும்புப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதித் தரட்டும். கேட்பதற்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை. இதை நம் வாசகர் வட்டத்தின் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவோம் என்று முன்மொழிகிறேன். அரசாங்கம் கேட்கும்வரை காத்திருக்காமல், இன்றிரவே உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள்.