ஹரிக்கேன் பொட்டை அழிச்ச கதை

பாளையங்கோட்டையில இருந்து பேசுறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா மன்னிச்சிருங்க, இந்த வெயில்ல அதை நிறுத்திட்டுப் பேச என்னால முடியாது.

போன மாசம் ஒரு பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினேன். ஹாக்கர் ஹரிக்கேன், உள்ளங்கை அளவு. அதை 79-வது ஸ்குவாட்ரன் விமானமா பெயிண்ட் பண்ணணும்னு ஆசை. காரணம் அந்த ஸ்குவாட்ரனோட பேரு: ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. நம்ம மாகாணத்துல இருந்து போன போர் நிதிக்கு மரியாதையா பிரிட்டிஷ் விமானப்படை 79, 234 ரெண்டுக்கும் அந்தப் பேரை வச்சது. அந்த மாகாணத்துல திருநெல்வேலி ஜில்லாவும் அடக்கம். அதனால இது கொஞ்சம் நம்ம விமானமும்தான்.

1940 கோடையில இந்த ஸ்குவாட்ரன் இங்கிலாந்து வானத்துல ஜெர்மன்காரங்களோட மோதினது. எதிர்ல வந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 109. அதோட முதுகு பச்சை, சாம்பல் கலந்த நிறம். மேல இருந்து பார்த்தா தரையோட கலந்துடும். வயிறு வெளிர் நீலம். கீழ இருந்து பார்த்தா வானத்தோட கலந்துடும். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிச்சுட்டு, ஆகஸ்ட் கடைசி வாக்குல மூக்குல பளிச்னு மஞ்சள் அடிச்சாங்க! மிரட்டுறதுக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதைவிட முக்கியமான காரணம், சொந்த ஆளே சுட்டுடக் கூடாது.

இந்த பயம் சும்மா இல்ல. 1939 செப்டம்பர் 6, போர் ஆரம்பிச்சு மூணே நாள். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள் ரெண்டு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினது. ரெண்டுமே பிரிட்டிஷ் ஹரிக்கேன். மான்டேக் ஹல்டன்-ஹாரப்னு ஒரு பைலட் செத்தே போனார். ஸ்பிட்ஃபயரோட முதல் வேட்டையே சொந்தக்காரன்.

சரி, நம்ம 79-க்கு வருவோம். 1942-ல அது இந்தியாவுக்கு வருது. அந்த ஏப்ரல்லதான் ஜப்பான் கொழும்பு மேல குண்டு போட்டிருந்தது. தூத்துக்குடிக்கு அந்தாண்ட கடலைத் தாண்டினா கொழும்பு, அவ்வளவு பக்கம். சென்னையைக் காலி பண்ணிட்டு ஜனங்க ஊருக்கு ஓடின மாசம் அது.

இங்கதான் சிக்கல். பிரிட்டிஷ் விமான அடையாளம் வெளியே நீலம், அப்புறம் வெள்ளை, நடுவுல சிவப்பு வட்டம். ஜப்பான் அடையாளம் வெறும் சிவப்பு வட்டம். தூரத்துல பறக்கும்போது அந்த நீலம் கரும்பச்சைப் பெயிண்ட்ல கரைஞ்சுடும், கண்ணுல படுறது சிவப்பு மட்டும்தான். முடிவெடுக்க ஒண்ணு ரெண்டு செகண்ட்தான் இருக்கும். பசிபிக்ல ஆஸ்திரேலிய கேடலினா ஒண்ணை, அமெரிக்கப் போர் விமானம் ஜப்பான்காரன்னு நினைச்சுத் தாக்கியே விட்டது. இங்கிலாந்துல டெஸ்ட் பாஸ் ஆன டிசைன், வங்காள விரிகுடா பக்கம் வந்ததும் புரொடக்ஷன்ல வெடிக்குது. நம்ம வேலையில பார்க்காததா?

ஹாட்ஃபிக்ஸ் என்னன்னா, பிரஷ். சிவப்பை மறைச்சு பெயிண்ட் அடி. வெறும் வெள்ளை அடிச்சா ரொம்பப் பளிச்னு விமானத்தையே காட்டிக் கொடுத்தது. அதனால வெள்ளையில நீலம் கலந்து, வெளிர் நீலமாக்கினாங்க. 1942, 43-ல ஒவ்வொரு விமானமா இப்படி மாறுச்சு. பர்மாவுல பறந்த நம்ம இந்திய விமானப்படைக்கும் இதே நீல வட்டம்தான்.

நான் கிட் டப்பாவுல இருந்த ஸ்டிக்கரை அப்படியே ஒட்டியிருந்தேன், நடுவுல சிவப்போட. படிச்சதுக்கப்புறம் உட்கார்ந்து வெளிர் நீலம் அடிக்கிறேன். ஆச்சி பார்த்துட்டு, “ஏல, எதுக்கு அதுக்குப் பொட்டை அழிக்க? பாக்கவே நல்லா இல்ல”ன்னாங்க. பொட்டு இருந்தா அந்தப் பையன் செத்துருவான் ஆச்சின்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், “அவனுக்கு எத்தனை வயசு?”ன்னாங்க. இருபது இருபத்தொண்ணு இருக்கும்னேன். என்னைவிடச் சின்னவன்.

1944-ல 79-க்கு ஹரிக்கேன் போய் தண்டர்போல்ட் வந்தது. உருண்டை மூக்கு. ஜப்பான் விமானங்களுக்கும் அதே மாதிரி மூக்கு. மறுபடியும் அதே பிரச்சினை. இந்த தடவை மூக்கு, இறக்கை, வால் எல்லாத்துலயும் பட்டை பட்டையா வெள்ளை. வானம் அதுக்குள்ள நேச நாடுகள் கைக்கு வந்துடுச்சு, ஒளியறதைவிடத் தன்னைக் காட்டிக்கிறது முக்கியமாயிடுச்சு.

வானத்தை இழந்த ஜெர்மனியும் கடைசியில அங்கேயே வந்து நின்னது. 1945-ல மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுகள் தரை இறங்கும்போது காவலுக்குச் சில ஃபோக்க-வுல்ஃப் 190 பறக்கும். அதோட வயிறு முழுக்க சிவப்பு, அதுல வெள்ளைக் கோடு. கீழ இருக்கிற சொந்த பீரங்கிக்காரன் சுட்டுடக் கூடாதே! அதுக்குக் கிளிப்படைன்னு பட்டப்பேரு.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம விமானங்கள்ல அசோகச் சக்கரம் வந்தது. 1950-ல இருந்து மூவர்ணம்: வெளியே காவி, நடுவுல வெள்ளை, மையத்துல பச்சை.

ஹரிக்கேன் இப்போ என் மானிட்டர் பக்கத்துல நிக்குது. ரெண்டு கோட் அடிச்சும் ஒரு இறக்கையில சிவப்பு லேசாத் தெரியுது. நாளைக்கு மூணாவது கோட்.